என் பெயரில் சுமதியின் ரத்தம்

முதலில் நழுவியது ஓர் ஊறுகாய் ஜாடி. மெருகுக் கலவைத் தொட்டியில் முக்கி எடுத்து, அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்து, பலகையில் வைக்கப் போனேன். வலது மணிக்கட்டு எழவில்லை. கை இருந்தது, விரல்கள் இருந்தன, மணிக்கட்டு மட்டும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டதுபோல் தொங்கியது. ஜாடி என் காலடியில் விழுந்து உடைந்தது.

"என்னா கலா, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்றார் மேஸ்திரி. கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வயிற்றுவலி அதற்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். நாலைந்து நாள் மலம் போகாது. எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி நிற்கும். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்திருப்பது) என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வயிற்றுவலிக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இதே வலியோடு ஆஸ்பத்திரி நடைகூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். கையில் என்ன படுகிறது, எந்தத் தூள் பறக்கிறது என்று சொல்லுங்கள். அவர் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை.

விருத்தாசலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பீங்கான் யூனிட்டில் வேலை கிடைப்பது பெரிய விஷயம். வெயிலில் களை எடுக்க வேண்டாம், தலைக்குமேல் தகரக் கூரை உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்பதால், கிளேஸ் என்று நாங்கள் சொல்லும் மெருகுக் கொட்டகையில் சேர்த்தார்கள். முதல் சூளையில் வெந்து வந்த ஜாடியைக் கலவையில் முக்கி, மறுபடி சுட்டால்தான் பளபளப்பு வரும். எங்கள் யூனிட்டில் சின்ன ஜாடிகளுக்கு ஒரு சிவப்புத் தூளைக் கலப்பார்கள். குறைந்த சூட்டிலேயே கண்ணாடிபோல் உருகும், விறகு மிச்சம். அந்தச் சிவப்புத் தூள் ஈயம் என்பது ஏழு வருடம் எனக்குத் தெரியாது.

எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. ஜாடியை முக்குமுன் அதன் விளிம்பை நாக்கால் தொட்டுப் பார்ப்போம். நாக்கு ஒட்டிக்கொண்டால் சரியாக வெந்திருக்கிறது, கலவையை நன்றாக இழுக்கும். ஒட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஒரு நாளைக்கு எத்தனை ஜாடி, எத்தனை முறை நாக்கு என்று இப்போது கணக்குப் போடுகிறேன். கலவை அப்பிய அதே கையால்தான் ஜாடியைத் தூக்கி வாயருகில் கொண்டு போவோம். எனக்கு நாக்கு சுத்தம் என்று மேஸ்திரி பாராட்டுவார். என் நாக்கு பொய் சொல்லாது என்று எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இது நடந்தது இரண்டு வருடம் முன்பு. சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் குழு எங்கள் பக்கத்து யூனிட்டுகளுக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்களாம். அதை வைத்து, மெருகில் ஈயம் எவ்வளவு சேர்க்கலாம், எந்த அளவைத் தாண்டினால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பார்களாம்.

மேஸ்திரி எங்களைச் சூளைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தாங்க, நல்லா கேட்டுக்குங்க. ரத்தத்துல கோளாறுன்னு வந்துச்சுன்னா யூனிட்ட மூடிருவாங்க. அப்பறம் முதலாளி வேற தொழில் பாத்துக்குவாரு. நாமதான் நடுத்தெருவுல நிக்கணும். யாருக்கு வயித்து வலி, கை நடுக்கம் இருக்குதோ அவங்க அன்னிக்கு வர வேணாம். அவங்க பேருல வூட்லேர்ந்து வேற ஆளு வரட்டும். மொகத்த யாரு பாக்கப் போறாங்க?"

எங்களில் ஒருத்திகூட இது தப்பு என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

என் பெயரில் சுமதியை அனுப்பினேன். சுமதி என் கணவர் சேகரின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தினமும் பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். யூனிட் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை, கொட்டகைப் புழுதியைக் கண்டால் மூக்கைப் பொத்துவாள். ஊசி என்றால் அவளுக்கு நடுக்கம். "ஒரே ஒரு குத்து, எறும்பு கடிச்ச மாதிரி" என்று நான்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன்.

"மாட்டிக்கிட்டா என்னா பண்றது அண்ணி?"

"நீ வாயத் தொறக்காத. பேரு கேட்டா கலாவதின்னு சொல்லு. எத்தன வருஷம்னு கேட்டா ஏழுன்னு சொல்லு. போதும்."

அவள் போனாள், சொன்னாள், குத்திக்கொண்டு வந்தாள். அன்று நான் வீட்டில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எங்கள் மகள் பவித்ராவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அம்மா லீவு என்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சில வாரம் கழித்து அந்தக் குழு முடிவுகளோடு திரும்பி வந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்து விளக்கினார்கள். மறுபடி சுமதியே போனாள். மாலையில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சீட்டை என்னிடம் நீட்டினாள். என் பெயருக்கு நேராக முப்பத்தொன்று என்று இருந்தது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பத்தொரு மைக்ரோகிராம் (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) ஈயம் என்று அர்த்தம்.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க தெரியுமா அண்ணி? இருக்கக் கூடாத அளவுதானாம். ஆனா ஏழு வருஷம் கிளேஸ்ல வேல பாத்தவங்களுக்கு இது கம்மின்னு சொன்னாங்க. நீ பாஸாயிட்ட!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்முன் அது நின்றுவிட்டது.

சுமதி ஏழு வருடம் கிளேஸில் வேலை பார்க்கவில்லை. ஏழு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அவள் ரத்தத்துக்கு ஈயம் எங்கிருந்து வந்தது?

பவி அப்போது சோறு தின்றுகொண்டிருந்தாள். எலுமிச்சை ஊறுகாயை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து அவிழ்த்துப்போட்ட என் புடவை அவளுக்குப் பின்னால் கொடியில் தொங்கியது. சுமதிக்கு முப்பத்தொன்று என்றால் இவளுக்கு எவ்வளவு?

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனால் ஆள் மாற்றி அனுப்பியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் மற்றவர்களும் மாட்டுவார்கள், யூனிட்டை மூடுவார்கள், ஊரே என்னைத் தூற்றும். வேலைப் புடவையைத் தனியாகத் துவைத்தேன், வீட்டை இரண்டு வேளை பெருக்கினேன். அதுவே போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி பறந்து மூக்கில்தான் ஏறும் என்பதைக்கூடப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பதினொரு நாளுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பவியின் டீச்சர் என்னைப் பள்ளிக்கு அழைத்தார். "புள்ளைக்குக் காது சரியா கேக்குதாம்மா? கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது. போன மாசம் நூறு வரைக்கும் சொன்ன புள்ள, இப்ப இருபதுலயே நிக்குது. நடக்கறப்ப தடுக்கித் தடுக்கி விழுது" என்றார். வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் ஜங்ஷனுக்குப் போய்ச் சென்னைக்கு ரயில் ஏறினேன். பவி என் மடியில் படுத்து, வயிறு வலிக்குது என்று முனகிக்கொண்டே வந்தாள். அதுவரை அந்த வலியைப் பள்ளிக்கூடம் போகாமலிருக்க அவள் போடும் சாக்கு என்று நினைத்திருந்தேன்.

ரத்தச் சீட்டில் பெயர் இருந்த அந்த மருத்துவமனையின் நடைகூடம் நீளமானது. அதன் கடைசி அறையில் டாக்டரம்மா இருந்தார். சுமதி சொன்ன அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

"நான்தாங்க கலாவதி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோப்பைத் திறந்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு வந்தது நீங்க இல்லையே" என்றார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கலாவதி, நாங்க எதுக்கு ரத்தம் எடுத்தோம்னு உங்களுக்குச் சொன்னாங்களா? எந்த அளவுக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு வரம்பு எழுதணும். உங்க உடம்புதான் அதுக்குச் சாட்சி. ஏழு வருஷம் இருந்தவங்களுக்கே முப்பத்தொண்ணுதான்னு எழுதிட்டா, எந்த முதலாளி ஈயத்தை விடுவார்? உங்களுக்குப் பின்னால வர்ற பொண்ணுங்களோட கதி என்ன?"

அவர் பவியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கே தெரியாதபடி பேச்சுக் கொடுத்து ரத்தம் எடுத்தார். பிறகு என் கையிலும் எடுத்தார். மணிக்கட்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, இது ரிஸ்ட் டிராப் (நரம்பு பழுதாகி மணிக்கட்டை உயர்த்த முடியாமல் போவது) என்றார். தினமும் வேலையில் என்னென்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஜாடியைத் தூக்குவதுபோல் கையை வைத்து, நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர்களுடைய கேள்வித்தாளில் புகையிலை போடுவீர்களா, கை கழுவுவீர்களா என்றெல்லாம் இருந்ததாம். நாக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம்.

எனக்கு அறுபத்தெட்டு வந்தது. பவிக்கு ஐம்பத்திரண்டு.

"வீட்டுல எந்தப் பாத்திரத்துல என்ன வைப்பீங்க?" என்று அடுத்துக் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். ஊறுகாய் என்றதும் நிறுத்தினார். மறுநாள் சேகர் அந்த ஜாடியைத் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தார். நானே கலவையில் முக்கி எடுத்த ஜாடி அது. விளிம்பில் ஒரு கொப்புளம் இருந்ததால் கழித்துவிட்டார்கள், நான் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியில் ஆணியால் 'பவி' என்று கீறியிருந்தேன். உள்பக்கம் ஊறுகாய் நின்ற உயரம்வரை பளபளப்பு போய் வெளுத்திருந்தது. உப்புப் பூத்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். எலுமிச்சையின் புளிப்பு மெருகைத் தின்றிருந்தது, மெருகிலிருந்த ஈயத்தை நாங்கள் தின்றிருந்தோம். சேகருக்குப் புளிப்பு ஆகாது, தொடவே மாட்டார். சுமதி தினமும் டிபன் பாக்ஸில் அதை வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். பவி சோறு இல்லாமல்கூடத் தின்பாள்.

பவியை வார்டில் சேர்த்துக் கீலேஷன் (ரத்தத்திலுள்ள உலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் சிகிச்சை) கொடுத்தார்கள். அந்த மாத்திரை அழுகிய முட்டைபோல் நாறும். வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தால் பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்புவாள். நானும் அதே சிகிச்சையில் இருந்தேன். "நீ முழுங்குனா நானும் முழுங்கறேன்" என்று அம்மாவும் பெண்ணும் போட்டி போட்டு விழுங்கினோம். ஒரு சுற்று முடிந்ததும் அளவு பாதியாக இறங்கியது. சந்தோஷப்பட்டேன். சில வாரத்தில் மறுபடி ஏறியது. எலும்புக்குள் போய் உட்கார்ந்த ஈயம் வெளியே வந்து ரத்தத்தை நிரப்புகிறது என்றார் டாக்டரம்மா. மூன்று சுற்று ஆயின. உங்கள் பிள்ளைக்கும் முதல் சுற்றில் எண் குறைந்தால் கோயிலுக்கு நேர்ந்ததை உடனே செலுத்திவிடாதீர்கள். பொறுத்திருங்கள்.

ஊருக்குத் திரும்பியபோது விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மற்றவர்கள் பெயரை நான் சொல்லவில்லை, ஆள் மாற்றியது நான் மட்டும் அல்ல என்று மட்டும் சொல்லியிருந்தேன். டாக்டரம்மா மறுபடி வந்து, பயப்படாமல் திரும்ப ரத்தம் கொடுங்கள் என்று எங்கள் ஆட்களைக் கேட்டார். ஒருத்தியும் வரவில்லை. கூடவே வேலை பார்த்தவள் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்கும்படி, "ஒம் புள்ளைக்காக எங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்றாள். அவளுக்கும் அதே வயதில் ஒரு குழந்தை இருந்தது. அவள் வீட்டிலும் அதே போல ஒரு ஜாடி இருந்தது. சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அறிக்கை வெளிவந்த பிறகு டாக்டரம்மா அதை எனக்குக் காட்டினார். எங்கள் யூனிட்டின் எண்களை நம்ப முடியாது என்று மொத்தமாக நீக்கிவிட்டிருந்தார்கள். நாற்பது பேரின் உடம்பு அதில் இல்லை. என் அறுபத்தெட்டும் இல்லை.

"எம் பொண்ணோடதுங்க?" என்று கேட்டேன்.

அவர் அறிக்கையை மூடி வைத்தார். "இது தொழிலாளர்களைப் பத்தின அளவீடு கலாவதி. வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதுல இடம் இல்லை. அடுத்ததுல சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார். வரம்பு என்ன ஆயிற்று என்று அதன்பிறகு போகும்போதெல்லாம் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றே சொல்லி வந்தார். யூனிட்டை யாரும் மூடவில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் வீண்.

என் மணிக்கட்டு முக்கால்வாசி திரும்பிவிட்டது. தோசைக்கல்லைத் தூக்கலாம், குடத்தைத் தூக்க முடியாது. சுமதிக்கு மாத்திரை தேவைப்படவில்லை, ஜாடி போனதும் மெல்லக் குறைந்தது. கல்யாணமாகி வேப்பூரில் இருக்கிறாள். பிள்ளை உண்டாகும்போது எலும்பிலிருக்கும் ஈயம் கரைந்து ரத்தத்துக்கு வரலாம், அப்போது வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பீரோவில் வைத்திருக்கிறாளாம். என்னிடம் கோபமில்லை என்கிறாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் அண்ணி என்று கிளம்பிவிடுகிறாள்.

பவி இப்போது இரண்டாம் வகுப்பு. கூட்டல் கணக்கில் பாதியில் நின்று, எதைக் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று என் முகத்தைப் பார்க்கிறாள். போனது திரும்புமா என்று கேட்டால் டாக்டரம்மா நேராகப் பதில் சொல்வதில்லை. எலும்பில் சேர்ந்த ஈயத்தில் பாதி போகவே இருபது, முப்பது வருடம் ஆகும் என்பதை மட்டும் சொன்னார். எனக்கு அதன்பிறகு வருடங்களை எண்ணும் விதமே மாறிவிட்டது. பிள்ளை எப்போது வயசுக்கு வரும், எப்போது கல்யாணம் என்று மற்ற அம்மாக்கள் கணக்குப் போடுகிறார்கள். என் பெண்ணின் எலும்பில் அப்போது எவ்வளவு மிச்சமிருக்கும் என்று நான் கணக்குப் போடுகிறேன்.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா, பவிக்குப் பால் பல் விழுந்தால் எடுத்து வைக்கச் சொன்னார். வீட்டிலுள்ளவர்களையும் அளக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்களாம். பல்லில் ஈயம் படிந்தது படிந்தபடி இருக்குமாம். குழந்தை வயிற்றில் இருக்கும்போது உருவான பாகம் தனி, பிறந்த பிறகு வளர்ந்த பாகம் தனி. எப்போதிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று அதில் பார்க்க முடியுமாம்.

எனக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை. எட்டாம் மாதம் வரை நான் தொட்டியருகில் நின்றேன். வயிறு தொட்டி விளிம்பில் இடிக்கும், எட்டி நின்று முக்குவேன், நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். இத்தனை நாள் ஜாடியையும் புடவையையும் பழித்துக்கொண்டிருந்தேன். ஜாடி வீட்டுக்கு வருமுன்பே, புடவை கொடியில் தொங்குமுன்பே, அவள் எனக்குள் இருந்தாள்.

போன வாரம் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது. பவி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுபோல் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"எறியலன்னா வேற பல்லு மொளைக்காதும்மா!"

"மொளைக்கும்டி. இது டாக்டரம்மாவுக்கு வேணும்."

"எம் பல்லு அவங்களுக்கு எதுக்கு?"

நான் விட்டு வந்த கொட்டகையில் இப்போதும் பெண்கள் நிற்கிறார்கள், அவர்களில் ஒருத்தி இன்று மாசமாக இருக்கிறாள் என்பதைப் பவியிடம் எப்படிச் சொல்வது? "சொல்றேன், பெரியவளானதும் சொல்றேன்" என்றேன். பல்லைக் கழுவிக் காயவைத்துச் சின்ன காகிதத்தில் மடித்தேன். அதை டாக்டரம்மா கொடுத்த உறையில் போட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உறையின்மேல் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினேன். அம்மாவின் வேலை என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள். மெருகுக் கொட்டகை, ஏழு வருடம், கர்ப்ப காலத்திலும் என்று எழுதினேன்.

ஒட்டுமுன் மறுபடி பிரித்துப் பார்த்தேன். உறையில் பவித்ரா என்று இருந்தது. உள்ளே இருந்ததும் பவித்ராவுடைய பல்தான்.